ஆவக்காய் ஜாடியில் பல செல்

பிரகாச ராவ் ஜாடியைத் திறந்தார். ஆவக்காய் ஊறுகாயின் மேல் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. ஈரக் கரண்டியை விட்ட புண்ணியவான் அவரேதான்.

போன வருஷம் கண்மூடிய மாமியார் கடைசியாகப் போட்ட ஆவக்காய். முதல் கவளத்தில் "அத்தை கை அத்தை கைதான்" என்று சொல்லாமல் ராவுக்குச் சோறு இறங்காது. தங்கையின் பிரசவத்துக்கு ஏலூர் கிளம்பிய மனைவி துர்காவும் "ஜாடி பத்திரம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

தெனாலிக் கல்லூரியில் உயிரியல் நடத்துகிறவர் சும்மா இருப்பாரா? ஒரு துளியைக் கல்லூரிக்கு எடுத்துப் போய் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். கணக்கு வாத்தியார் பட்டாபி எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, புள்ளி புள்ளியா?"

"ஈஸ்ட். ஒரு செல் ஜாதி. ஒவ்வொண்ணும் தனிக்கட்டை. தின்கிறது, பெருகுறது எல்லாம் அந்த ஒரு செல்லே பார்த்துக்கும். மேலாக வழிச்சா தீர்ந்தது."

"பல செல்லா இருந்தா?"

"நூல் நூலா கோத்துக்கிட்டு அடிவரைக்கும் இறங்கிடும். ஆளுக்கொரு வேலை. அப்புறம் ஜாடியோட கொட்ட வேண்டியதுதான்."

வழித்தார். அதோடு விட்டிருக்கலாம். ஜாடியை வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் மூடினார். உள்ளே வேர்த்துக் கொட்டியது. வாரக் கடைசியில் பச்சைப் பஞ்சு முளைத்தது. மறுபடி மைக்ரோஸ்கோப். கிளை கிளையாக நூல், கணுக்கணுவாகச் செல்.

கொட்டும்போது அழுதேவிட்டார். தனித்தனியாக வாழ்வதை வழித்துவிடலாம். கோத்துக்கொண்டு வாழ்வதை அப்படிப் பிரிக்க முடிவதில்லை.

கழுவிய ஜாடியோடு அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்து வீட்டு சேஷாரத்னத்தின் வாசலில் போய் நின்றார்.

"அக்கய்யா, நாளைக்கு துர்கா வர்றா. உங்க ஆவக்காயைக் கொஞ்சம் இதுல நிரப்பிக் குடுங்க. விஷயம் தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

அந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நிரப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் துர்கா சூடான சோற்றில் நெய் விட்டு, ஆவக்காயைப் பிசைந்து வாயில் வைத்தாள். ராவ் மூச்சுவிடவில்லை. அவள் கண் கலங்கியது.

"அம்மா கைப்பக்குவம் யாருக்குங்க வரும்?"

"யாருக்கும் வராது" என்றார் அவசரமாக.

சாயங்காலம் வேலியோரம் ஓடினார்.

"தப்பிச்சேன் அக்கய்யா! அவளுக்குச் சந்தேகமே வரல."

சேஷாரத்னம் துணி உலர்த்துவதை நிறுத்தினாள்.

"எப்படி வரும் பாபு? சங்கராந்திக்கே இதே ஜாடியோட வந்து, 'பூத்துப் போச்சு அக்கய்யா, தெரிஞ்சா அவர் தாங்க மாட்டார்'னு இங்கேயே நின்னு அழுதாளே. நீங்க இப்போ கொட்டினதும் என் ஆவக்காய்தான்."