கழுதையும் யானையும் கோத்த சங்கிலி

பிரதேச சபைத் தேர்தலில் நிற்பது என்று ரவூப் நானா முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு. வயிறு நிறைந்தால் அவருக்கு நாட்டுக் கவலை வந்துவிடும்.

சுயேச்சைக் குழுத் தலைவர் அம்ஹர் ஹாஜியார் நாவுலையில் ரவூப் நானாவின் வீட்டுக்கு வந்தது உண்மையில் அவரைத் தேடி அல்ல. பட்டியலில் பெண்கள் போதவில்லை. ரவூப் நானாவின் மனைவி ஜுனைதாவைக் கேட்கத்தான் வந்தார். காரியாலயமோ ஆஸ்பத்திரியோ, ஊர்ப் பெண்கள் துணைக்குக் கூப்பிடுவது ஜுனைதாவைத்தான்.

"அவளா? அவளுக்கு என்ன தெரியும் ஹாஜியார்!" என்று சிரித்தார் ரவூப் நானா. "வேணுமெண்டா நான் எலெக்சன் கேக்கிறேன்."

"ஒரு வீட்டுக்கு ஒரு பேர்தான் போடலாம்."

"என்ட பேரப் போடுங்க."

"சரி. வியாழக்கிழமை வேட்புமனு குடுக்க மாத்தளைக் கச்சேரிக்குப் போகணும். ரெடியா இருங்க."

குசினியில் கோப்பை கழுவும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மறுநாள் மாத்தளைச் சந்தையில் போஞ்சிக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பும்போது, முகம் கழுவ நாலந்தாவில் நிறுத்தினார். கெடிகே என்ற பழைய கற்கோயிலுக்குப் போகும் பாதையோரம் ஆளில்லை. எப்போதும் கத்தித் தொலைக்கும் குரங்குகள்கூட அன்று வாயைத் திறக்கவில்லை. கல் மதிலின் இடுக்கில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. யாரோ பின்னால் நிற்பதுபோல் இருக்கவே திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரு சங்கிலி. அதில் விரல் நுனி அளவில் ஒரு கழுதையும் ஒரு யானையும். இரண்டும் சிவப்பும் நீலமுமாய், முதுகில் வெள்ளை நட்சத்திரங்கள். கூடவே ஒரு தகடு. தகட்டில் கோடு கோடாய் முதுகுள்ள ஒரு பூச்சி, அதன் கீழே ஓர் இலக்கம். நல்ல வெயிலில் அது ஐஸ்கட்டியாய்க் குளிர்ந்தது.

அமெரிக்காவில் கழுதை ஒரு கட்சி, யானை ஒரு கட்சி என்று நாவுலைத் தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் தெரியும். ரவூப் நானா சொல்லிச் சொல்லியே தெரியும். முந்தின நாள்தான் இரண்டு கட்சியையும் அங்கே நாறடித்திருந்தார். இப்போது இரண்டும் அவர் உள்ளங்கையில் நின்று அவரையே பார்த்தன.

"இஞ்ச பாரு," என்றார் வீட்டுக்கு வந்து. "அமெரிக்காக்காரன் எனக்கு அனுப்பிரிக்கான்."

"என்னத்த? கழுதையயா?"

"ரெண்டு கட்சியும் சேந்து! நான் எலெக்சன் கேக்கிறது தெரிஞ்சி போச்சி. இதான் என்ட ஃபைல் நம்பர்."

"ஒங்களுக்கு ஃபைல் போட அவங்களுக்கு வேற வேல இல்லயா?"

"சிரிக்காத ஜுனைதா!"

ஜுனைதா சங்கிலியை வாங்கினாள். ஃபோனையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பே இல்லை.

"இது நல்லதில்ல. எடுத்த எடத்துலயே வெச்சிட்டு வாங்க."

எதற்கும் சிரிக்கிற ஜுனைதா சிரிக்கவில்லையே! உடனே போய் வைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை பின்னேரம் ஹாஜியாரைப் பார்க்கப் புறப்பட்டார். சப்பாத்துக்குள் காலை விட்டார். பெருவிரலில் ஏதோ குளிர்ந்தது. கவிழ்த்து உதறினார்.

கழுதை விழுந்தது. பின்னாலேயே யானை.

"அல்லாஹ்வே! நான் வெச்சிட்டுத்தானே வந்தேன்!"

"எங்க போக வெளிக்கிட்டீங்க?" என்று மெதுவாய்க் கேட்டாள் ஜுனைதா.

"ஹாஜியார்ட்ட."

"அதான் திரும்பி வந்திரிக்கு."

ரவூப் நானா ஹாஜியார் வீட்டுக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளே ஒரு வழி சொன்னாள். சங்கிலியைக் குசினிக்குக் கொண்டு போய், உப்பும் செத்தல் மிளகாயும் சேர்த்து முடிந்த ஒரு துணி முடிச்சோடு திரும்பி வந்தாள்.

"நாலந்தாக் குளத்துல எறியுங்க. அவுத்துப் பாக்க வேணாம். திரும்பியும் பாக்க வேணாம்."

பொழுது சாயும் நேரம். தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடந்தது. எறிந்தார். 'தொபுக்' என்று விழுந்த சத்தம் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. திரும்பிப் பார்க்காமல் லொறிக்கு ஓடினார். வீடு வரைக்கும் பக்கத்து சீட்டில் யாரோ உட்கார்ந்து வருவதுபோலவே இருந்தது. அந்தப் பக்கம் அவர் கண்ணைத் திருப்பவில்லை.

வீட்டில் கரன்ட் இல்லை. டோர்ச்சோடு அறைக்குள் போனார். வியாழக்கிழமைக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை அலுமாரிக் கதவில் தொங்கியது. ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருந்தது. சட்டை ஆடியது. அதன் மேல் பொத்தானில், ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல், கழுதையும் யானையும் சேர்ந்து ஆடின.

ரவூப் நானா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டது.

"ஹாஜியாருக்கு கோல் எடு! நான் கேக்கல்ல! எனக்குச் சுகமில்லண்டு சொல்லு!"

"நல்லா யோசிச்சீங்களா?"

"எடு புள்ள!"

ஜுனைதா வாசலுக்குப் போய்ப் பேசினாள். கொஞ்சம் அதிக நேரம்தான் பேசினாள்.

வியாழக்கிழமை முழுக்க ரவூப் நானா போர்வைக்குள் கிடந்தார். காலையில் வாசலில் ஒரு வேன் வந்து போனது. ஜுனைதா புது அபாயாவோடு அதில் ஏறியதை அவர் காணவில்லை. பின்னேரம் கழுத்தில் மாலையோடு வந்து நின்றபோதுதான் கண்டார்.

"எங்க போனாய்?"

"கச்சேரிக்கு. ஒங்கட எடத்துல என்ட பேரப் போட்டாங்க."

"அறிவிருக்கா ஒனக்கு? அமெரிக்காக்காரன் உடுவானா?"

"அது வெள்ளக்காரங்கட வெளாட்டுச் சாமான்," என்றாள், மாலையைக் கழற்றியபடி. "எங்கயாச்சும் ஒளிச்சி வெப்பாங்களாம். கண்டெடுத்தவங்க இன்னொரு ஊருக்குக் கொண்டு போய் ஒளிக்கணுமாம். நம்பர ஃபோன்ல அடிச்சா, அது சுத்தின ஊரெல்லாம் வருது. அண்டைக்கே அடிச்சிப் பாத்தேன்."

"அப்ப சப்பாத்துக்குள்ள?"

"நாலந்தாவுக்கு பஸ் ஓடுதுதானே."

"நான் தண்ணில எறிஞ்சேனே!"

"முடிச்சில கெடந்தது பழைய பூட்டு."

"சட்டை ஆடிச்சே!"

"அலுமாரிக் கதவுக்குப் பின்னால நிண்டு நாந்தான் ஆட்டினேன்."

ரவூப் நானா போர்வையை விலக்கினார். கோபப்படவும் தெம்பில்லை. "இப்ப அது எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மாத்தளையில இதே மாதிரி ஒளிச்சி வெச்ச ஒரு பொட்டிக்குள்ள வெச்சிட்டேன். அது இனி ஒலகம் சுத்தட்டும். நீங்க எழும்புங்க." ஒரு பொட்டலம் கோதுமை மாவை அவர் முன்னால் வைத்தாள். "நாளைக்கி என்ட போஸ்டர் ஒட்டணும். பசையக் கட்டி தட்டாமக் கிண்டுங்க."