மணி அடிக்கும் வரை நோயாளி

"மயக்கம் வந்திருக்கா?"

"ஒரே ஒரு தடவை டாக்டர். பஸ்ஸைப் பிடிக்க ஓடினப்போ."

அவ்வளவுதான். மனப்பாடம் செய்து வந்த வசனம் முழுதும் தீர்ந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது.

கட்டிலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தவருக்கு வியர்த்தது. நாடக மேடையில் பதினைந்து வருஷமாக, ராஜாவுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு வசனம் பேசியே காலம் தள்ளியவர். அதனால் ஊரில் 'ஒருவசனம்' என்றே பேர் நிலைத்துவிட்டது. இன்றைக்கு இங்கே கிடைத்திருப்பதோ கதாநாயகன் வேஷம்: இதயத் தசை தடித்துப்போன நோயாளி!

சின்னச் சின்ன கிளினிக்குகளிலிருந்து வரும் டாக்டர்களுக்கு இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்கிற இடம் அது. கட்டிலில் இருப்பவர் நிஜ நோயாளியா, நடிகரா என்று அவர்களிடம் சொல்ல மாட்டார்கள். ஒருவசனத்துக்கு இன்று வெள்ளோட்டம். பிடித்துப்போனால் நிரந்தர வேலை. நிபந்தனை ஒன்றே ஒன்று: மணி அடிக்கும் வரை வேஷம் கலையக் கூடாது.

வீட்டில் ஏற்கெனவே, "இதயப் பிரிவுல ஆபீசர் உத்தியோகம் கிடைச்சாச்சு" என்று மனைவியிடம் அடித்து விட்டிருந்தார். வேலை கிடைக்காவிட்டால் அவள் அழுவாள். அவள் அழுதால் இவர் கரைந்துவிடுவார். வாஷிங் மெஷின் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது.

"குத்துக்காலிட்டு உக்காருங்க. அப்படியே சட்டுன்னு எழுந்திருங்க" என்றாள் பயிற்சிக்கு வந்திருந்த பெண் டாக்டர். ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். முழங்கால் 'கடக்' என்றது.

"டாக்டர், எழுந்து நின்னா உள்ள என்ன கேக்கும்?"

"சில பேருக்கு ஒரு முணுமுணுப்பு கேக்கும். எழுந்தா சத்தம் கூடும்."

"எனக்குக் கேக்குதா? நானும் ஒரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா?"

அவள் மூலையைப் பார்த்தாள். அங்கே கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் வாய் திறந்தார். "முணுமுணுப்பு கேக்கலைங்கறதுக்காக ஆளை வீட்டுக்கு அனுப்பிடக் கூடாது. எக்கோ ஸ்கேனைப் பாருங்க."

யாருடைய இதயமோ, திரையில் படமாக வந்தது. ஒருவசனம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"இந்தச் சுவர்தான் தடிச்சிருக்கு. உள்ள ரத்தம் நிக்க இடமே இல்ல பாருங்க" என்றாள் அவள்.

"ஜிம்முக்குப் போகாமலே தசை போட்டிருக்குன்னு சொல்லுங்க!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை எழுதினாள். ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றாள்.

"வேற கேள்வி எதுவும் இல்லையா?" என்றார் பெரிய டாக்டர்.

அவள் திருதிருவென்று விழித்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது ஒருவசனத்துக்கு. கூடவே இன்னொரு வசனம் பேசும் ஆசை நாக்கை அரித்தது.

"டாக்டர்... எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஓடிக்கிட்டிருந்தவன் அப்படியே விழுந்தான். போயிட்டான்!"

தம்பி அன்று காலைதான் வீட்டுக்கு வந்து இஸ்திரிப்பெட்டியை இரவல் வாங்கிப் போயிருந்தான்.

பெண் டாக்டரின் முகம் பளிச்சென்றானது. "பரம்பரையா வர்றது! அப்போ வீட்டுல எல்லாரையும் பரிசோதிக்கணும். பிள்ளைங்க?"

"ரெண்டு."

"உங்க மனைவியைக் கூப்பிடுங்க. நான் பேசணும்."

ஒருவசனம் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். "அவ பயந்த சுபாவம் டாக்டர்."

"அப்போ பக்குவமா நான்தான் சொல்லணும்."

"தையல் கிளாசுக்குப் போயிருப்பா."

மூன்று வருஷமாகப் போகிறாள். வீட்டில் ஒரு சட்டைப் பட்டன்கூடத் தைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

பெண் டாக்டர் கதவைத் திறந்து, வெளியே மணியோடு நின்ற அட்டெண்டரிடம் ஏதோ சொன்னாள். "இதோ கூட்டிட்டு வரேன்மா" என்று அவன் போனான்.

யாரைக் கூட்டி வரப் போகிறான்? வீடு இரண்டு பஸ் மாற வேண்டிய தூரத்தில் இருக்கிறதே!

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. நின்றது சாட்சாத் அவர் மனைவி!

இவரைக் கண்டதும் ஒரு கணம் சிலையானாள். மறுகணம், "என்னங்க!" என்று ஓடி வந்து கட்டிலில் விழுந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"பதறாதீங்கம்மா" என்றாள் பெண் டாக்டர். "உங்க கொழுந்தனார் ஓடும்போது இறந்துட்டதா இவர் சொன்னார்..."

செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டார் ஒருவசனம்.

"ஆமா டாக்டர்!" அவள் குரல் உடைந்தது. "தங்கமான புள்ள! கண் மூடி முழிக்கறதுக்குள்ள போயிட்டான்!"

இவர் கண் தானாகத் திறந்தது. காலையில் நன்றாகத்தானே இருந்தான்! மனைவியின் காதோரம் குனிந்து, "ஏய், தம்பிக்கு என்னடி ஆச்சு?" என்றார்.

"பாத்தீங்களா டாக்டர்! இன்னும் இவரால நம்ப முடியல!" என்று அவள் இன்னும் உரக்க அழுதாள்.

அதற்கு மேல் தாங்கவில்லை. வேலையாவது ஒன்றாவது! துள்ளி எழுந்தார். "நான் நோயாளியே இல்ல டாக்டர்! நடிக்க வந்தவன்! என் தம்பியைப் பாக்கணும், விடுங்க!"

"அதிர்ச்சியில பேசறார். முதல்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க" என்று பெண் டாக்டர் அவர் தோளை அழுத்தினாள். "ஓடக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல? படுங்க!"

"அய்யோ, நிஜமாவே நடிக்கறேங்க!"

மணி அடித்தது.

"பிரமாதம்!" பெரிய டாக்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். "நோயை ஒத்துக்காத நோயாளி! நாங்க எழுதிக் குடுத்ததுலயே இது இல்லையே! நாளையிலேருந்து நிரந்தரமா வந்துடுங்க."

ஒருவசனத்துக்கு அது காதில் ஏறவே இல்லை. அவர் மனைவியையே பார்த்தார். குழாயை மூடியது போல அவள் அழுகை நின்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைமுடியைச் சரிசெய்தாள்.

"தம்பி..." என்றார்.

"அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான். இஸ்திரிப்பெட்டிதான் இன்னும் வரல."

"அப்புறம் ஏன்டி அப்படி அழுத?"

அவள் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. அட்டெண்டர் மணியோடு தலையை நீட்டினான்.

"அக்கா, இந்தப் புருஷன் முடிஞ்சாச்சா? நாலாம் நம்பர் ரூம்ல அடுத்த புருஷன் காத்துக்கிட்டிருக்கார், சீக்கிரம் வாங்க!"