பின்வாசலை மறந்த ஆர்கிடெக்ட்

கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறவனிடம் யாரும் கல்யாண வேலையை ஒப்படைக்கக் கூடாது. அதுவும் அவன் ‘நான் ஐ.டி. ஆர்கிடெக்ட் ஆகப்போறேன்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனாக இருந்தால், மண்டபம் இருக்கிற தெருவுக்குள்ளேயே அவனை விடக் கூடாது. அப்படித் திரிந்தவன் நான்தான் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

அப்போது வேலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஐ.டி. ஆர்கிடெக்ட் என்றால், ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் ஏற்பாடு மொத்தமும் எப்படி இருக்க வேண்டும், எது எதோடு பேச வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பவர். அவர் போட்டுக்கொடுத்த படத்தை வைத்து மற்றவர்கள் புரோகிராம் எழுதுவார்கள். (எனக்குப் பிடித்ததே இந்தக் கடைசி விஷயம்தான். நான் எழுதிய புரோகிராம் ஒழுங்காக ஓடியதாகச் சரித்திரம் இல்லை. அடுத்தவனை எழுதச் சொல்வதில் எனக்கு ஆட்சேபமே இல்லை.)

ஹாஸ்டல் அறைச் சுவர் முழுக்கப் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக வரைந்து வைத்திருந்தேன். மெஸ் சாம்பாருக்குக்கூட ஒரு ஆர்கிடெக்சர் போட்டிருந்தேன். பருப்பு ஒரு பெட்டி, தண்ணீர் ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் கிடையாது. இதையெல்லாம் சகித்துக்கொண்டு அதே அறையில் இருந்தவன் இர்ஃபான். ஆம்பூர்க்காரன். அவன் அப்பா அங்கே ஷூவின் மேல்பாகம் தைக்கிற சின்ன யூனிட் ஒன்று வைத்திருந்தார்.

இர்ஃபானின் அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை பேரணாம்பட்டு. அப்பாவுக்கு ஒரே கவலை, எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான். ஆம்பூரில் ஒரு வீட்டைக் கூப்பிட்டால் அந்த வீட்டில் யார் யார் என்று யாரும் கேட்பதில்லை.

“ஜாஸ்தியா வந்தா சந்தோஷம் பா. ஆனா பிரியாணி கம்மியா பூட்ச்சுன்னு ஒரு பேச்சு வந்துட்டா, அப்பறம் நான் இந்த ஊர்ல தலகாட்ட முடியாது” என்றார்.

நான் விடுவேனா? “அங்கிள், ஒரு சிஸ்டம் போட்டுத் தர்றேன்” என்றேன்.

எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. இர்ஃபானின் தாய்மாமா பெங்களூரில் உண்மையான ஐ.டி. ஆர்கிடெக்ட். “மாமூ கல்யாணத்துக்கு வர்றார்டா. உன் சிஸ்டத்த நேர்ல பார்க்கட்டும். புடிச்சிருந்தா டிரெய்னியா எடுத்துக்குவார்” என்று இர்ஃபான் சொல்லியிருந்தான். ஆக, என் எதிர்காலமே அந்தப் பிரியாணி அண்டாவுக்குள் இருந்தது.

திட்டம் இதுதான். கூப்பிட்ட ஒவ்வொரு வீட்டிடமும் எத்தனை பேர் என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு போகும். வாசலில் நம் ஆள் அதை போனில் ஸ்கேன் செய்வான். ‘டிங்’ என்று பச்சை விழுந்தால் அந்த வீடே உள்ளே வந்ததாகக் கணக்கு. அதே கோடு இரண்டாம் முறை வந்தால் ‘பேஏஏ’ என்று சிவப்பு விழும், ‘ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்’ என்று திரையில் எழுத்து வரும். அந்த ‘பேஏஏ’வை லாரி ஹாரன் மாதிரி வைத்தது நானே யோசித்துச் செய்தது. ஹாஸ்டல் மெஸ் வாசலில் பையன்களை வரிசையில் நிறுத்திச் சோதித்துப் பார்த்தேன். பிரமாதமாக வேலை செய்தது.

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் இர்ஃபான் கேட்டான்: “டேய் சரவணா, பொம்பளைங்க பின்வாசல்ல வருவாங்க. அங்க யாரு நிக்கிறது?”

இரண்டு வாசலா! எனக்குப் புல்லரித்தது. கூட்டத்தை இரண்டாகப் பிரித்து அனுப்புவதற்கு எங்கள் பாடத்தில் லோடு பேலன்சிங் என்று பெயர். கேட்காமலே அது கிடைத்துவிட்டது! விருந்துக்கு வந்திருந்த எங்கள் வகுப்புத் தோழி கவிதாவின் கையில் இன்னொரு போனைக் கொடுத்துப் பின்வாசலுக்கு அனுப்பினேன்.

ஆம்பூரில் நான் சாப்பிடாத பாய் வீட்டுக் கல்யாணம் இல்லை. ஆனால் ஒரு தடவைகூடப் பின்வாசலைப் பார்த்ததில்லை. எங்கள் ஒடுகத்தூரில் ஒரு வீடு கல்யாணத்துக்குப் போனால் ஷேர் ஆட்டோவிலிருந்து மொத்தமாக இறங்கி மொத்தமாக உள்ளே போகும். ஒரே வீடு இரண்டாகப் பிரிந்து இரண்டு வாசல் வழியாகப் போகும் என்பது என் பெட்டிகளிலும் இல்லை, அம்புக்குறிகளிலும் இல்லை.

முன்வாசலில் எல்லாம் அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. ஜிப்பாவும் அத்தருமாக ஆண்கள் வந்தார்கள், போனைக் காட்டினார்கள், டிங், டிங், டிங். மாமூ ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அருகிலேயே உட்கார்ந்து பார்த்தார். நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

அப்போது மண்டபத்தின் பின்பக்கமிருந்து லாரி ஹாரன் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல்.

போன் அடித்தது. கவிதா. “டேய், எல்லாருக்கும் செவப்பு விழுது. மாப்பிள்ளையோட அம்மாவுக்கே செவப்பு. சீக்கிரம் வாடா பாவி!”

ஓடினேன். இர்ஃபானின் அப்பா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பின்வாசலில் பட்டுப்புடவைகளும் புர்காக்களும் கைக்குழந்தைகளுமாக வெயிலில் நீண்ட வரிசை. கணவர்கள் அனுப்பிய அதே கியூஆர் கோடைத்தான் எல்லாரும் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கணவர்களோ முன்வாசலில் டிங் வாங்கிக்கொண்டு ஜில்லென்று ஃபேன் கீழே உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் முதலில் மாப்பிள்ளையின் அம்மா ஷமீமா பேகம். சம்பந்தியம்மாளைக் கல்யாணத்தன்று வாசலில் நிறுத்தியாகிவிட்டது. அந்த அம்மாள் அப்படியே திரும்பி வேனில் ஏறினால் கல்யாணம் அவ்வளவுதான். இர்ஃபானின் அப்பா முகத்தில் ரத்தமே இல்லை.

“யாரு இத செஞ்சது?” என்று ஷமீமா அம்மா கேட்டார்.

கவிதா ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் என்னைக் கைகாட்டினாள்.

“தம்பி, உன் மிஷின் இன்னா சொல்லுது தெரியுமா? நான் ஏற்கெனவே உள்ள வந்துட்டேனாம். அப்போ இங்க வெயில்ல நிக்கிறது யாரு?”

அந்த இடத்தில் மூளை உள்ள எவனும் காலில் விழுந்திருப்பான். நானோ கவிதாவின் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னேன்: “சிஸ்டம்படி பார்த்தா, நீங்க உள்ளதாங்க இருக்கீங்க.”

கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தின. இர்ஃபானின் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். பெங்களூர், டிரெய்னி வேலை, இர்ஃபானின் சிநேகம், எல்லாம் பஸ் ஏறிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஷமீமா அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பி, “கேட்டீங்களா, நான் உள்ள உக்காந்து சாப்ட்டுனு இருக்கேனாம்! தம்பி, உள்ள இருக்கிற என்னாண்ட கேட்டுச் சொல்லு, பிரியாணி நல்லா இருக்குதான்னு” என்றார். வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது. கவிதா போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். கதவு இரண்டும் விரியத் திறந்தன. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அன்றுதான் அதற்கு அர்த்தம் புரிந்தது.

பிரியாணி என் உதவி இல்லாமலே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. மீந்தது அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போனது.

சாப்பாடு முடிந்ததும் மாமூ கூப்பிட்டார். (அந்த வரிசையில் அவர் மனைவியும் நின்றிருந்தார் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.)

“டிசைன் பக்கம் வந்துடாதப்பா” என்றார். “டெஸ்டிங்குக்கு வா. எது எங்க ஒடையும்னு உன்ன விட்டாலே தெரிஞ்சுடும்.”

எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆர்கிடெக்ட் ஆகவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஆகிவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவன் நான். இப்போது பெங்களூரில் அடுத்தவர் போட்ட திட்டங்களில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எந்தப் படத்தைக் காட்டினாலும், “பின்வாசல் எங்க?” என்றுதான் முதலில் கேட்பேன். புதிதாக வந்தவர்கள் முழிப்பார்கள்.

ஆம்பூரில் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் யாராவது வாசலில் வழிமறித்து ‘பேஏஏ’ என்பது வழக்கமாகிவிட்டது. அதைக்கூடச் சமாளித்துவிட்டேன்.

போன வைகாசியில் ஒடுகத்தூரில் என் கல்யாணம். பேரணாம்பட்டிலிருந்து வேன் வைத்துக் குடும்பத்தோடு வந்த ஷமீமா அம்மா, மண்டப வாசலில் நின்றவர் நின்றவர்தான். யார் அழைத்தும் உள்ளே வரவில்லை. ஏதோ மரியாதைக் குறைவு ஆகிவிட்டதென்று பதறிப்போய் மாப்பிள்ளையான என்னையே மேடையிலிருந்து இறக்கி அனுப்பினார்கள்.

“எங்க தம்பி உன் மிஷினு? சத்தம் வராம நான் எப்டி உள்ள வர்றது?”

இரண்டு வீட்டு ஜனமும் பார்த்துக்கொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக நின்ற நான், வாயாலேயே “டிங்” என்றேன்.

“அப்பாடா!” என்றபடி வலது காலை எடுத்து வைத்தார். “இப்பத்தான் நான் உள்ள வந்துருக்கேன்.”