சேந்தன்பேட்டை நகராட்சி வலுப்பெற்ற வரலாறு

வளரும் நாடுகளின் நகராட்சிகளை வலுப்படுத்திவிட்டால் அங்கே யாருக்கும் ஒரு குறையும் இருக்காது என்பது, பல பெரிய மாநாடுகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவான விஷயம். தஞ்சாவூருக்குக் கிழக்கே இருக்கும் சேந்தன்பேட்டை நகராட்சி ஆறே மாதத்தில் அப்படி வலுப்பெற்றது. அந்தப் பெருமையில் பாதி, சமூகப் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர் கிளமென்ட்டைச் சேரும். மீதிப் பாதியையும் அவர் கேட்டிருப்பார். ஒப்பந்த ஊழியர் என்பதால் கேட்கவில்லை.

முதல் வேலையாக, சுற்றியிருந்த மூன்று கிராமங்களை நகராட்சி தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆலங்கொல்லை மக்கள் ஒரு செவ்வாய்க்கிழமை கிராமத்தில் படுத்து, புதன்கிழமை நகரத்தில் எழுந்தார்கள். நூறு நாள் வேலை நின்றது, வீட்டு வரி ஏறியது. நகர வசதிகளில் இவை இரண்டும் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தன.

அடுத்து, ஊருக்குள் ஓடிய பாசன வாய்க்கால் 'நீடித்த நிலையான மழைநீர் வடிகால்' ஆயிற்று. இரண்டு பக்கமும் நான்கடி உயரத்துக்குக் கான்கிரீட் சுவர். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரு மடைகூட வைக்கவில்லை. நகரத்தில் வயல் கிடையாது; வயலே இல்லாத ஊரில் மடை எதற்கு? வரைபடத்தில் நெல் வயல்களுக்கெல்லாம் 'பசுமைப் பரப்பு' என்று பெயர் போட்டு, அழகாகப் பச்சை பூசியிருந்தார்கள்.

அந்தப் பச்சையில் ஒரு ஏக்கர், அம்சம் என்ற ஆலங்கொல்லைப் பெண்ணுக்குச் சொந்தம். அவளுடைய அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நடவு நட்டவள். அம்சம் தன் வயலில் நடுகிறாள். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. குடத்தில் மொண்டு ஊற்றி நாற்றங்காலை மட்டும் காப்பாற்றினாள். வயல் வெடித்துக் கிடந்தது. முப்பத்தைந்து நாளுக்குள் நடாவிட்டால் நாற்று முற்றிப்போகும், அப்புறம் மாட்டுக்குத்தான் போட வேண்டும். ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த கிளமென்ட்டுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அவருடைய பணி விதிகளில் நாற்றைப் பற்றி எதுவும் இல்லை.

'அனைவரையும் உள்ளடக்கிய' கூட்டத்துக்கான படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: பெண், விவசாயி, பட்டியல் சமூகம், புதிய நகரவாசி. மற்ற ஊர்களில் நான்கு பேரைத் தேடி நாயாய் அலைந்தார்கள். கிளமென்ட் அம்சம் ஒருத்தியை அழைத்துவந்து நான்கையும் நிரப்பினார். சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

"அக்கா, முன் வரிசையில உக்காருங்க. உங்க குரல் ரொம்ப முக்கியம்."

"குரல் கெடக்கட்டும் தம்பி. அந்தச் சுவத்துல ஒரு மடை வெச்சுக் குடுங்க. நாத்துக்குப் பதினெட்டு நாளாச்சு."

ஆணையர் அரசப்பன் கனிவாகக் குறுக்கிட்டார். "அம்மா, மடை வைக்கிறதுக்கு நகராட்சியில பணியிடமே கிடையாது. ஒரு ஆளுகூட இல்லை. ஆனா உங்க கருத்தை மனசார வரவேற்கிறோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. 'பங்கேற்பாளர் திட்டத்தை வரவேற்றுப் பேசினார்' என்று கிளமென்ட் நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்.

ஒரு வாரம் கழித்துப் பயிலரங்கு. சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் லின்சி எல்லோருக்கும் கலர் காகிதம் கொடுத்து, "உங்க கனவு நகரத்தை வரைங்க" என்றார். செருப்புக்கடை சித்தீக், பஸ் ஸ்டாண்டிலிருந்து தன் கடை வாசல் வரைக்கும் மெட்ரோ ரயில் விட்டார். அம்சம் ஒரு சுவர் வரைந்தாள். சுவரின் அடியில் ஒரு ஓட்டை போட்டாள்.

லின்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜன்னல்! இவ்வளவு பெரிய சுவர்ல ஒரே ஒரு ஜன்னல்! நிர்வாகத்தில வெளிப்படைத்தன்மை வேணும்கிறதை இதைவிட எளிமையா யாரால சொல்ல முடியும்?"

"மடைம்மா அது. தண்ணி வர்ற மடை."

"என்ன சொல்றாங்க, கிளமென்ட்?"

கிளமென்ட் ஒரு கணம் அம்சத்தைப் பார்த்தார். அந்த மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. "நன்றி சொல்றாங்க மேடம்" என்றார்.

படம் ஆண்டறிக்கையின் அட்டைக்குப் போயிற்று. 

நாற்றுக்கு முப்பது நாள் ஆன அன்று, அறிக்கை வெளியீட்டு விழா. முன் வரிசையில் அம்சத்தின் நாற்காலி காலியாக இருந்தது. ஆணையர் 'வலுவான உள்ளாட்சி' என்று மூன்றாவது முறை சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய செல்போன் அடித்தது. ஆலங்கொல்லையில் ஒரு பெண் கடப்பாரையால் வடிகால் சுவரை உடைத்துவிட்டாளாம்.

அப்போது நகராட்சி காட்டிய வேகத்தை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. பொறியாளர், சர்வேயர், வருவாய் ஆய்வாளர், வரைபடத்தோடு ஒருவர், கேமராவோடு ஒருவர், சிமென்ட் மூட்டையோடு கொத்தனார்கள், எல்லோரும் நாற்பது நிமிடத்தில் வயலில் இருந்தார்கள். வெடித்த மண் சத்தத்தோடு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. வயலில் கால்வாசிதான் நனைந்திருந்தது. கொத்தனார்கள் கலவை குழைக்கத் தொடங்கினார்கள்.

'பொதுச்சொத்துக்குச் சேதம்' என்ற நோட்டீசைப் படித்துக்காட்டும் பொறுப்பு, மக்களோடு நெருங்கிப் பழகியவர் என்ற முறையில், கிளமென்ட்டுக்கு வந்தது. அவர் ஒரு வரி விடாமல் படித்தார்.

அம்சம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். பிறகு வரப்பில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"மடை வைக்க ஒரு ஆளுகூட இல்லேன்னீங்களே தம்பி. அடைக்கிறதுக்குப் பதினொரு பேரு வந்திருக்கீங்க."

கிளமென்ட் திரும்பி எண்ணிப் பார்த்தார். பத்துப் பேர்தான் இருந்தார்கள். பதினோராவது ஆள் அவர்.