ஸ்பேனரோட சக்தியக் கொஞ்சம் புடுங்கிடு ராசா

பாசமுள்ள அண்ணன் மகனுக்கு,

அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதும் கடிதம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சாமி காவலில் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று பதிலுக்கு எழுத எனக்குக் கை வரல, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

மாமாவுக்கு நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நெஞ்சுல ஆபரேஷன். உள்ள ஒரு வால்வு சரியா மூட மாட்டேங்குதாம். போன்லயே சொல்லிருப்பேன், ஆனா இந்த மனுஷனுக்குக் கண்ணுதான் மங்கலே தவிர காது பாம்புக்காது. அதான் கடிதாசி. நம்ம மாப்பிள்ளை கையில குடுத்தனுப்பறேன், படிச்சதும் கிழிச்சுப் போட்ரு.

கோவிச்சுக்காம கேளு ராசா. உன் தொடர்கதையில வர்ற அந்த ஸ்பேனர் பயலுக்கு எதுக்குடா அவ்ளோ சக்தி? பதினாலு வருஷமா ஒரு வாரம் விடாம, சனிக்கிழமை புஸ்தகம் வந்ததும் மாமாவுக்கு நான்தான் படிச்சுக் காட்டறேன். முத வாரம் ஞாபகம் இருக்கா உனக்கு? அவன் வெறும் விண்வெளிக் கப்பல் மெக்கானிக்கு, முட்டிவலிக்காரன். காத்துக் குழாய் வெடிச்சுப் போச்சு, ஈரத்துணியச் சுத்திக்கிட்டு நாலு மணி நேரம் கையாலயே அழுத்திப் புடிச்சுட்டு நின்னான். லிஃப்ட் மெக்கானிக்கா முப்பது வருஷம் வேல பாத்த உங்க மாமா, “டேய், அந்தப் பக்கமா திருகாதடா, மரை கழண்டுரும்!”னு கதைக்குள்ள இருக்கறவனுக்குச் சத்தம் போடுவாரு. அடுத்த வாரம் வர்ற வரைக்கும் எங்களுக்குச் சோறு இறங்காது. அப்புறம் நீ என்ன பண்ண? ஒரு கெட்டவன் வந்தான், ஊரை அழிப்பேன்னான், சரி. அவனை அடிச்சதும் அவன் அண்ணன் வந்து உலகத்தையே அழிப்பேன்னான். அண்ணனுக்குச் சித்தப்பா வந்து சூரியனை முழுங்கிட்டான். இப்ப அந்தச் சித்தப்பாவோட அப்பன் வந்து இருக்கற எல்லா அண்டத்தையும் சுருட்டி மடிச்சு வைக்கப் போறேங்கறான். அந்தக் குடும்பத்துல இன்னும் யாருடா பாக்கி, மாமியாரா? ஸ்பேனரும் சும்மா இல்ல, நட்சத்திரத்த ஊதி அணைக்கிறான், நாலு தடவ செத்து நாலு தடவையும் எந்திரிச்சு வந்துட்டான். முத தடவ அவன் செத்தப்ப நான் ரெண்டு நாள் அடுப்பே பத்த வைக்கல. நாலாவது தடவ செத்தப்ப, துணி மடிச்சுக்கிட்டே படிச்சேன். சாமியே நமக்காக இறங்கி வந்தா பசி, வலி எல்லாத்தையும் பட்டுட்டுத்தான் போறாரு, உன் ஸ்பேனருக்கு ஒரு தும்மல் கூட வர மாட்டேங்குதே!

இதுல உனக்கு என்ன நஷ்டம்னு கேப்ப. கேளு. போன வாரம் பெரிய டாக்டர் வந்து, ஆபரேஷனுக்கு நீங்க ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் கத்தி எடுப்பேன்னு சொல்லிட்டாரு. மாமா செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நான் அழுதேன், மக அழுதா, அந்த நர்ஸ் பொண்ணு கூட கெஞ்சிப் பாத்துச்சு. சரி, மனசு தேறட்டும்னு உன் புஸ்தகத்த எடுத்துப் படிச்சேன். ஸ்பேனர் ஒரு பார்வை பாக்கறான், அண்டம் மொத்தமும் நின்னு போவுது. மாமா சொன்னாரு, “மூடி வை. அவனுக்கு எது வந்தாலும் ஒண்ணும் ஆகாது. எனக்கு என்ன பண்ணாலும் ஒண்ணும் ஆகப் போறதில்ல. ரெண்டு பேருக்குமே கதை முடிஞ்சு போச்சு.”

சாமிய நெனச்சுக்கிட்டு அடுத்த பக்கத்தத் திருப்பினேன், அங்க குக்கர் விளம்பரம். அதைப் பாத்துக்கிட்டே படிக்கிற மாதிரி ஒரு பொய்ய ஆரம்பிச்சேன். ஸ்பேனருக்கு இருந்த சக்தியெல்லாம் போயிருச்சு, அவனும் கப்பல்ல சமைக்கிற அம்மாவும் சாமான் அறையில மாட்டிக்கிட்டாங்க, கதவு இறுகிப் போச்சு, ரெண்டு மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்குன்னேன். செவுத்துப் பக்கத்துலருந்து மாமா குரல், “கீல் உள்பக்கமா, வெளிப்பக்கமா?”

“வெளிப்பக்கம்.”

“அப்ப கழட்ட முடியாதே. மேல சந்து எதுவும் இருக்கா?”

“இருக்கு. தலை நுழையாது.”

“ஒயரு?”

“கருகிருச்சு.”

“கையில என்னதான் இருக்கு அவங்ககிட்ட?”

“ஒரு கரண்டி.”

“கரண்டியா!” எந்திரிச்சே உக்காந்துட்டாரு ராசா! மூக்குல இருந்த குழாய் பிடுங்கிட்டு வந்துருச்சு, நர்ஸ் ஓடி வந்து என்னையத்தான் திட்டுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே பேப்பரக் கொண்டான்னு கையெழுத்தப் போட்டுட்டு டாக்டர்கிட்ட சொல்றாரு, “வியாழக்கிழமை அறுத்துக்கங்க, சனிக்கிழமை எனக்கு ஒரு சோலி இருக்கு.”

மாட்டிக்கிட்டது இப்ப நான். நாலு நாளா அவர் இப்படித் திறக்கலாமான்னு ஒரு வழி கேக்கறாரு, சுவாரசியமா இருக்கட்டுமேன்னு நான் அதையும் அடைச்சுப்புடறேன். எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்கு அந்தக் கதவை எப்படித் திறக்கறதுன்னு தெரியலடா. சக்தி திரும்ப வந்துச்சுன்னு சொன்னா மறுபடி செவுத்தப் பாத்துப் படுத்துருவாரு. நீ எழுத்தாளன், உனக்குப் புண்ணியமாப் போகும், சக்தி கிக்தி இல்லாம அந்த ரெண்டு பேரையும் வெளிய கொண்டு வந்து சனிக்கிழமை புஸ்தகத்துல அப்படியே போட்டுரு. அண்டம் ஒரு வாரம் காத்திருந்தா குடி முழுகிறாது.

வீட்டுல எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லு. சின்னவளுக்கு என் முத்தம். சாமி உன் பேனாவுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை.

பின்குறிப்பு: வியாழன் காலை, மணி பத்தே கால். மாப்பிள்ளை இன்னும் வந்து சேரல, அதனால இதையும் எழுதிடறேன். நான் கேட்டது எதையும் நீ எழுத வேணாம். தள்ளுவண்டியில ஏத்தினப்ப மாமா என் கையப் புடிச்சு, “அந்தக் கதவை உங்க அண்ணன் மகன் பூட்டலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இவ்ளோ இறுக்கமாப் பூட்ட அவனுக்குத் தெரியாது. அவன்கிட்டப் போய்க் கேட்டுத் தொலைக்காத, நீயே திறந்து விடு, நான் வந்து கேட்டுக்கறேன்”னுட்டு உள்ள போயிட்டாரு. ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேல செவப்பு லைட்டு எரியுது. உன் அண்டத்த நீயே வச்சுக்க ராசா. ஸ்பேனரும் அந்தச் சமையக்காரம்மாவும் மூச்ச மிச்சம் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கட்டும். மாமா கண்ணு முழிக்கிற வரைக்கும் நான் ஒருத்தரையும் வெளிய விடறதா இல்ல.