நடுத்தலை யாருக்கு?

நடுவில் நிற்பது யார் என்று அரை மணி நேரமாகச் சண்டை. மிருண்மயி கேமராவும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புணேயில் அவள் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் பத்துப் பேர். ராமாயணத்தை இன்றைய வாழ்க்கையில் வைத்துப் புகைப்படம் எடுப்பவளுக்கு அவர்களைப் பார்த்ததுமே ராவணன் ஞாபகம் வந்துவிட்டது. வெளியே சொல்ல முடியுமா? வீட்டு ஒப்பந்தத்தை நீட்டிக்க அவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தசரதரின் மந்திரி சபையாக அவர்களைப் படமெடுக்கப்போவதாகப் புளுகிவைத்தாள்.

திங்கட்கிழமை ஒருவரும் பிடிகொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பத்துப் பேரும் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றார்கள். ஒரே நாளில் என்ன ஆயிற்று என்று அவளுக்குப் புரியவே இல்லை.

"தலைவர் நான். நடுவுல நான்தான்," என்றார் கர்மார்க்கர்.

"கையெழுத்து போடறது நீங்க. வேலை பாக்கறது யாரு?" என்றார் செயலாளர் பொங்க்ஷே.

பத்துப் பேருக்கு நடு என்பதே கிடையாது என்று மிருண்மயி சமாளித்தாள். அப்படியானால் ஒருவரைக் கழித்துவிடலாம் என்றார்கள். யாரை என்றதும் பத்துக் கைகளும் பத்துப் பக்கம் நீண்டன. அவள் பதறிப்போய், பத்துத் தலை கட்டாயம் வேண்டும் என்றாள்.

"தசரதருக்கு எட்டு மந்திரிதானே?" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் சஹஸ்ரபுத்தே.

"ரெண்டு பேரு புதுசா சேந்தவங்க சார்."

குட்டு தெரிந்த ஒரே ஆளான காவலாளி கிஸன் பத்து ஓட்டை போட்டு வைத்திருந்த போர்வைக்குள் எல்லாரும் தலையை நுழைத்தார்கள். மீசை வரைய மையை எடுத்ததும் குழுவின் ஒரே பெண்ணான வசுதா தாயி அதைப் பிடுங்கி, தனக்கு எல்லாரையும்விடப் பெரிய மீசையாக வரைந்துகொண்டார். கடைசியில், ஆளுக்கொரு முறை நடுவில் என்று பத்துப் படம் எடுத்தபிறகுதான் விட்டார்கள்.

கண்காட்சியில் 'ராவணன்' என்ற தலைப்பைப் பொடி எழுத்தில் ஒட்டியிருந்தாள். கர்மார்க்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார்.

நிமிர்ந்தவர், அவள் கொண்டுவந்திருந்த ஒப்பந்தத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் மாட்ட ஒரு பெரிய பிரதி வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கூட வந்திருந்த கிஸனிடம் மெதுவாகக் கேட்டாள். "படிச்சும் கோவமே வரலையே அண்ணே?"

"திங்கக்கிழமை சாயங்காலமே நான் சொல்லிட்டேன் தாயி. மந்திரின்னா வரமாட்டோம்னவங்க, ராவணன்னதும்தான் சாயம் வாங்க ஓடினாங்க."