பாசிக்குச் சோறு

திங்கட்கிழமை காலையில் தொட்டியிலிருந்த பாசி வெளுத்திருந்தது. பார்த்தவர் முகமும் வெளுத்தது.

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் ‘பாசி சார்’. பாசியிலிருந்து எண்ணெய் எடுத்து எஞ்சினை ஓட்டிக் காட்டுகிறேன் என்று மூன்று வருடமாகத் தலைகீழாக நிற்கிறார். போன தடவை எஞ்சின் நாலு நிமிடம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“வெள்ளிக்கிழமை அதிகாரிங்க முன்னாடி அரை மணி நேரமாவது ஓடணும். இல்லேன்னா இந்த அறை சைக்கிள் ஷெட்!” இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பாசிக்குத் தினமும் உரம் போடுவது, போன மாதத்திலிருந்து, கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காவின் வேலை.

“அக்கா, பாசி பசியில வாடுது. இன்னையிலிருந்து ரெண்டு கரண்டி போடுங்க.”

“ஆகட்டும் சார்.”

செவ்வாயன்று பாசி மஞ்சளானது.

“நாலு கரண்டி!”

“ஆகட்டும் சார்.”

புதன்கிழமை ஆரஞ்சு. வெளிச்சம் போதவில்லையோ என்று பெரிய விளக்குகளைப் போட்டார். தண்ணீர் சூடாகி, நுரை பொங்கி நடைவழிக்கு வந்தது. இயக்குநர் வழுக்கி உட்கார்ந்தார்.

“நம்ம வீட்டுச் செடிக்கு ஒரு நாள் தண்ணி ஊத்தியிருப்பீங்களா? அந்தப் பாவந்தான்” என்றாள் அன்றிரவு வீட்டில் மனைவி.

வியாழனன்று பாசி சார் கையெடுத்துக் கும்பிட்டார். “மூட்டையையே கொட்டுங்க அக்கா!”

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரிகள் வாசல் ரோஜாக்களைப் பார்த்து வாய்பிளந்தார்கள். “ஒவ்வொண்ணும் தட்டு அகலம் இருக்கே!”

பாசி சார் ரோஜாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாமியை வேண்டிக்கொண்டே பாசியைப் பிழியவிட்டார்.

எண்ணெய் வந்தது. வந்துகொண்டே இருந்தது. இரண்டு கேன் நிறைந்து, மனைவி கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டிலும் நிறைந்தது. எஞ்சின் இரண்டு மணி நேரம் ஓடியது. நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை. பாசி சாருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“ஷெட்டுக்கு வேற இடம் பார்த்துக்கலாம்” என்று நொண்டிக்கொண்டே வந்து கட்டிக்கொண்டார் இயக்குநர்.

மூத்த அதிகாரி கைகுலுக்கினார். “பட்டினி போட்டாத்தான் பாசி இப்படி எண்ணெயைச் சேர்த்து வைக்கும். அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது. எத்தனை நாள் போட்டீங்க?”

பாசி சார் மூட்டையை நினைத்துத் திருதிருவென்று விழித்தார். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஒரு மாசமா, ஐயா! இருபது வருஷமா தரையில பாசியைச் சுரண்டிப் பொழைக்கிறவ, என் கையால அதுக்குச் சோறு போடுவேனா? உரம் பூராவும் வாசல் ரோஜாவுக்குத்தான்!”